என்லார்ஜரின் கோணலைக் கண்டறியும் முறை

வகுப்புக் குழுப் படம் ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் அமர்ந்திருக்கும் தலைமைச் சகோதரியின் முகம் பளிச்சென்று தெரிகிறது. இடப்பக்கம் நிற்கும் மாணவியரின் பின்னல், ரிப்பன், சட்டைப் பொத்தான் யாவும் எண்ணிவிடும்படி இருக்கின்றன. வலப்பக்கம் போகப் போக முகங்கள் நீரில் கரைந்தாற்போல் மங்குகின்றன. கடைசியில் நிற்பவள் இன்னாரென்று அவளைப் பெற்றவள்தான் சொல்ல வேண்டும். "நீ அசைந்திருப்பாய்" என்று அந்தப் பெண்ணைக் கடிந்துகொள்வார்கள். சற்று விவரம் அறிந்தவர்கள், "காமிரா சரியில்லை" என்பார்கள். பெண்ணும் காமிராவும் இரண்டுமே குற்றமற்றவையாக இருக்கலாம்.

பிலிமில் எடுக்கும் படம் இரண்டு முறை உருவாகிறது. முதன்முறை காமிராவுக்குள் நெகட்டிவாக; மறுமுறை இருட்டறையில் தாளின்மீது. இரண்டாவது வேலையைச் செய்யும் கருவியே என்லார்ஜர். கைப்பேசியில் படம் எடுத்து அதிலேயே பார்த்துவிடும் இந்நாளில் இந்தக் கருவியைக் காணாத மாணவியர் பலர் இருப்பார்கள். ஆயினும் பழைய நெகட்டிவ்கள் நம் வீட்டு அலமாரிகளில் இன்னும் இருக்கின்றன. கறுப்பு வெள்ளைப் பிலிமும் தாளும் இன்றும் விற்பனைக்குக் கிடைக்கின்றன. ஒளியியல் பாடத்தில் படிக்கும் குவிவு லென்ஸ் என்ன செய்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரிந்து இல்லை. அதிலும் அது கெட்டுப்போயிருக்கும்போது கற்றுத் தருவது அதிகம்.

கருவியின் அமைப்பு எளிது. கனமான அடிப்பலகை ஒன்று. அதன் ஓரத்தில் நிமிர்ந்த தூண். தூணில் ஏறி இறங்கும் தலைப்பகுதி. தலைக்குள் மேலே பல்பு, அதன் கீழே ஒளியைத் திரட்டும் கண்டென்சர் கண்ணாடிகள், அதன் கீழே நெகட்டிவைப் பிடித்திருக்கும் தாங்கி, அதற்கும் கீழே லென்ஸ் பூட்டிய பலகை. அடிப்பலகையின்மீது தாளைப் பிடித்துக்கொள்ளும் ஈஸல் என்னும் சட்டம். மின்விளக்கு வருமுன் இந்த வேலைக்குச் சூரியனையே பயன்படுத்தினார்கள். அமெரிக்காவில் பால்டிமோர் நகரைச் சேர்ந்த டேவிட் உட்வர்டு என்பவர் 1857இல் அத்தகைய கருவிக்குக் காப்புரிமை பெற்றார். வெயில் நகர நகரக் கருவியையும் கையால் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டுமாம்! இப்போது நமக்குப் பல்பு இருக்கிறது, அது ஓடிப்போவதில்லை.

இனி விஷயத்துக்கு வருவோம். நெகட்டிவ், லென்ஸ், தாள் ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். இதுவே முழு இலக்கணமும். மூன்றும் தரைக்குச் சமமாக இருக்க வேண்டும் என்பதில்லை. மேசை சாய்ந்திருந்தால் மூன்றும் சேர்ந்து சாய்ந்திருக்கும், அதனால் கெடுதல் எதுவுமில்லை. மேசைக்காலின் கீழ் அட்டையைச் சொருகிவிட்டு என்லார்ஜரைச் சரிசெய்துவிட்டதாக நினைப்பது வீண்.

மூன்றில் எது கோணினாலும் ஒரே விளைவுதான் என்று எண்ணிவிடாதீர்கள். ஒவ்வொன்றும் தன் அடையாளத்தை விட்டுச் செல்கிறது. அதை அறிய ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 35 மி.மீ. பிலிமில் ஒரு படம் 24 மி.மீ. உயரமும் 36 மி.மீ. அகலமும் உடையது. அதை 20 செ.மீ. உயரம், 30 செ.மீ. அகலத்துக்குப் பெரிதாக்குகிறோம் என்க. உருப்பெருக்கம் எட்டேகால் மடங்குக்குச் சற்று மேல். லென்ஸின் குவியத் தூரம் 50 மி.மீ. நெகட்டிவிலிருந்து லென்ஸ் வரை 56 மி.மீ. இருந்தால், பாடப்புத்தகத்திலுள்ள சமன்பாட்டின்படி பிம்பம் லென்ஸிலிருந்து 466.7 மி.மீ. தொலைவில் விழும். அதாவது ஏறக்குறைய 47 செ.மீ.

இப்போது நெகட்டிவை 0.1 மி.மீ. மட்டும் உயர்த்துங்கள். நோட்டுப் புத்தகத் தாள் ஒன்றின் தடிமன் அவ்வளவுதான் இருக்கும். 56 என்பது 56.1 ஆகிறது. மறுபடியும் அதே சமன்பாட்டில் போட்டால் பிம்பத் தூரம் 459.8 மி.மீ. என்று வருகிறது. மேலே ஒரு தாள் அளவு நகர்ந்ததற்குக் கீழே ஏழு மி.மீ. நகர்ந்துவிட்டது! நோட்டில் நீங்களே போட்டுப் பாருங்கள். உருப்பெருக்கத்தின் வர்க்கத்தைப் பொறுத்து இந்த நகர்வு பெருகுவதே காரணம்.

இதிலிருந்து இருட்டறையில் பயன்படும் இரண்டு உண்மைகள் கிடைக்கின்றன. அடிப்பலகைப் பக்கம் என்லார்ஜர் மிகவும் பொறுமையுள்ளது. லென்ஸின் துளையை எஃப் 8 அளவுக்குச் சுருக்கியிருந்தால், தாள் ஏழு மி.மீ. மேலேயோ கீழேயோ போனாலும் ஒரு புள்ளி பரவும் அகலம் ஏறக்குறைய 0.1 மி.மீ.தான்; கூர்ந்த கண்ணும் அதை எளிதில் கண்டுகொள்ளாது. நெகட்டிவ் பக்கமோ பொறுமையே இல்லாதது. அங்கே 0.1 மி.மீ. பிசகினாலே எல்லையைத் தொட்டுவிடுகிறோம். துளையை முழுவதும் திறந்து எஃப் 2.8இல் வைத்தால் அந்த எல்லை 0.04 மி.மீ.க்கும் குறைந்துவிடும். தாங்கியின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் ஒரு தூசித் துணுக்குப் போதும்.

(போகஸ் செய்யும்போது ஈஸலில் அதே தடிமனுள்ள வேறொரு தாளை வைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் படம் மங்கிவிடும் என்று பலர் சொல்வார்கள். மேற்கண்ட கணக்கைப் பார்த்தால் தாளின் தடிமன் எம்மாத்திரம்? வெள்ளைத் தாளில் பிம்பம் நன்றாகத் தெரியும் என்பதற்காக வைத்துக்கொள்ளலாம், அவ்வளவே. எங்கள் அலமாரியில் கிடக்கும் காலாவதியான 'இந்து' தாளை அதற்குத்தான் பயன்படுத்துகிறோம். 1960இல் உதகமண்டலத்தில் நிறுவப்பட்டு 1967 முதல் பிலிமும் தாளும் செய்துவந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலையின் தாள் அது. தொழிற்சாலை மூடப்பட்டுவிட்டது, தாள் மட்டும் இன்னும் வேலை செய்கிறது.)

இனி அடையாளங்களைக் காண்போம். அடிப்பலகை ஒரு பக்கம் ஏழு மி.மீ. தாழ்ந்திருக்கிறது என்க. தாழ்ந்த பக்கம் லென்ஸிலிருந்து சற்றுத் தொலைவில் இருப்பதால் அங்கே பிம்பம் பெரிதாகும். ஒரு ஓரத்தில் 198.5 மி.மீ. உயரமும் மறு ஓரத்தில் 201.5 மி.மீ. உயரமுமாக, செவ்வகம் சரிவகமாகிவிடும். 3 மி.மீ. வேறுபாட்டை அளவுகோல் காட்டிக் கொடுத்துவிடும். ஆனால் எஃப் 8இல் கூர்மை கெடாது. ஆகவே வடிவம் கோணியும் கூர்மை கெடாமலும் இருந்தால் அடிப்பலகையையோ ஈஸலையோ சந்தேகப்படுங்கள்.

நெகட்டிவ் தாங்கி கோணியிருந்தால் கதை தலைகீழ். ஒரு முனை 0.1 மி.மீ. உயர்ந்தும் மறுமுனை அதே அளவு தாழ்ந்தும் இருந்தால், வடிவத்தில் வரும் வேறுபாடு முக்கால் மி.மீ.கூட இல்லை, கண்டுபிடிப்பதே கடினம். ஆனால் துளை திறந்திருக்கும்போது இரு ஓரங்களும் நன்றாக மங்கிவிடும். ஓர் ஓரத்தில் போகஸ் செய்தால் மற்றதில் இருமடங்கு மங்கல்.

லென்ஸ் பலகை கோணினால் வடிவம் சற்றும் மாறுவதில்லை. நெகட்டிவும் தாளும் இணையாகவே இருப்பதால் செவ்வகம் செவ்வகமாகவே இருக்கும். கூர்மை மட்டும் சாய்ந்துவிடும். அதுவும் கொஞ்ச நஞ்சமன்று. நாம் எடுத்துக்கொண்ட உருப்பெருக்கத்தில் லென்ஸ் ஒரு பாகை சாய்ந்தால், பிம்பம் கூர்மையாக விழும் தளம் ஒன்பது பாகைக்கு மேல் சாயும். 30 செ.மீ. அகலத்தில் அது கிட்டத்தட்ட ஐந்து செ.மீ. ஏற்ற இறக்கம். மூன்று சந்தேக நபர்களில் மிகவும் கெட்டிக்காரத் திருடன் இந்த லென்ஸ் பலகைதான் என்பது என் கருத்து. அளவுகோலுக்கு அகப்படமாட்டான்.

இவ்வளவையும் தெரிந்துகொண்டபின் திருப்புளியை எடுக்கத் தோன்றும். வேண்டாம்! முதலில் குற்றம் என்லார்ஜரில்தானா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். அதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. சுழற்றிப் பார்த்தால் போதும்.

பிலிமை எடுத்து, முன்பின்னாகத் திருப்பி, மறுபடி தாங்கியில் வையுங்கள். பிம்பம் இடம் வலமாக மாறும். மங்கலும் படத்தோடு சேர்ந்து மறுபக்கம் போய்விட்டால் குற்றம் பிலிமில். காமிராவிலேயே நேர்ந்தது, நம்மால் திருத்த முடியாது. மங்கல் ஈஸலில் இருந்த இடத்திலேயே இருந்தால் குற்றம் கருவியில். அடுத்து, தாங்கியை அப்படியே அரைவட்டம் திருப்பிப் போட முடியுமானால் திருப்புங்கள். மங்கல் தாங்கியோடு போகிறதா? அப்படியானால் தாங்கி வளைந்திருக்கிறது அல்லது அதில் ஏதோ ஒட்டியிருக்கிறது. பிறகு லென்ஸை அரைச் சுற்றுத் தளர்த்திப் பாருங்கள். (ஒரு கையால் பிடித்துக்கொண்டே செய்ய வேண்டும், கழன்று விழுந்தால் அன்றோடு பாடம் முடிந்தது.) மறுபடி போகஸ் செய்தபின் மங்கல் லென்ஸோடு சுழன்று வேறு மூலைக்குப் போயிருந்தால், லென்ஸுக்குள்ளேயே ஒரு கண்ணாடி இடம்பெயர்ந்திருக்கிறது என்று பொருள். கடைசியாக ஈஸலைத் திருப்பிப் போடுங்கள். எதைத் திருப்பினாலும் மங்கல் அசையாமல் அதே மூலையில் இருந்தால் தூண், தலை, லென்ஸ் பலகை இம்மூன்றில் ஒன்றே காரணம்.

இந்தச் சுழற்றிப் பார்க்கும் முறையை எளிதாக எண்ணிவிடக் கூடாது. நம் மாணவி ஒருத்தி சென்ற ஆண்டு தன் பாட்டியின் திருமண நெகட்டிவைக் கொண்டுவந்தாள். 1968இல் எடுத்த, ஆறுக்கு ஆறு செ.மீ. அளவுள்ள சதுர நெகட்டிவ். அந்தத் திருமணத்தில் எடுத்த படங்களில் எஞ்சியது அது ஒன்றுதான். அதிலிருந்து முன்பு ஒரு ஸ்டூடியோவில் போட்டுத் தந்த பிரதியில் மணமகளின் தாயார் நின்ற பக்கம் முழுவதும் மங்கிக் கிடந்தது. அந்த அம்மையாருக்கு வேறு படமே இல்லை. "நெகட்டிவ் கெட்டுவிட்டது" என்று வீட்டில் முடிவு கட்டி, அதைப் பெட்டியின் அடியில் போட்டுவிட்டார்கள். நாங்கள் உருப்பெருக்குக் கண்ணாடி வைத்து நெகட்டிவைப் பார்த்தபோது அந்தப் பக்கமும் நன்றாகவே இருந்தது. எங்கள் என்லார்ஜரில் இட்டு ஒரு முறை நேராகவும் ஒரு முறை திருப்பியும் போட்டோம். இரண்டிலும் கொள்ளுப்பாட்டியின் மூக்குத்தி வரை தெரிந்தது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் பழியைச் சுமந்தது நெகட்டிவ்; கோணியிருந்தது என்றோ எங்கோ நின்ற ஓர் என்லார்ஜர். பெற்றோர்கள் இதை வாசிக்கும்போது, மங்கலான பழைய பிரதி ஒன்று வீட்டில் இருந்தால் அதன் நெகட்டிவை எறிந்துவிடாமல் ஒரு தடவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டுகிறேன்.

கோணல் போலவே தோற்றமளிக்கும் வேறு சில கோளாறுகளும் உண்டு. அவற்றை விலக்கிவிட வேண்டும். நடுப்பகுதி மங்கி நான்கு மூலைகளும் ஒன்றுபோல் கூர்மையாக இருந்தால் அது கோணலன்று. பல்பின் சூட்டில் பிலிம் அப்பளம்போல் உப்பிவிட்டது. போகஸ் செய்யும்போது தட்டையாக இருக்கும்; பத்து இருபது வினாடியில் உப்பும். தாங்கியில் கண்ணாடி இல்லாதபோதே இது நேரும். பிலிம் முதலில் சூடேறட்டும் என்று சிறிது நேரம் விளக்கை எரியவிட்டு, அது உப்பியபின் போகஸ் செய்து, தாமதமின்றித் தாளுக்கு ஒளி காட்டுவது ஒரு வழி. இரு கண்ணாடிகளுக்கிடையே பிலிமை வைக்கும் தாங்கி இன்னொரு வழி. ஆனால் நம் ஊர் ஈரக்காற்றில் கண்ணாடியும் பிலிமும் ஒட்டிக்கொண்டு வளையம் வளையமாகக் கோலம் போடும். நியூட்டன் வளையங்கள் என்று பௌதிகத்தில் படிக்கிறோமே, அவையேதான்! மேல் கண்ணாடி சற்றே சொரசொரப்பாக்கப்பட்டதாக இருந்தால் இந்தத் தொல்லை குறையும்.

படம் முழுவதும் ஒரே திசையில் இரட்டையாகத் தெரிந்தால் கருவி அதிர்ந்திருக்கிறது. இருட்டறையில் மின்விசிறியை நிறுத்தக் கூடாதா என்றால் நிறுத்தித்தான் ஆக வேண்டும். வியர்வை வழிந்தாலும் அந்த அரை நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள். ஈஸலில் விழும் பிம்பத்தின் மூலைகள் மங்காமல் இருண்டிருந்தால் பல்பு நடுவில் இல்லை. முகம் மங்கியும் பிலிமின் மணல்போன்ற துகள்கள் கூர்மையாகவும் தெரிந்தால், காமிராவில் போகஸ் தவறியது அல்லது அந்தப் பெண் உண்மையிலேயே அசைந்துவிட்டாள்!

இவை எதுவுமில்லை, கருவிதான் கோணியிருக்கிறது என்று ஆனபின் அளந்து பார்க்க வேண்டும். இதற்கு நாமே ஒரு சோதனை நெகட்டிவ் செய்துகொள்ளலாம். பிலிம் சுருளின் முன்முனை வெளிச்சம் பட்டு, டெவலப் ஆனபின் முழுக் கறுப்பாக இருக்கும். அதில் ஒரு படத்தின் அளவை வெட்டியெடுத்து, மங்கலான பக்கம் மேலே வரும்படி வைத்து, எஃகு அளவுகோலைப் பிடித்துக்கொண்டு தையல் ஊசியால் கோடுகள் கீறுங்கள். ஓரங்களை ஒட்டி ஒரு செவ்வகம். நான்கு மூலைகளிலும் நடுவிலும் ஒவ்வொரு சிலுவைக்குறி. கோடு எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு நல்லது. கீறிய பக்கம் லென்ஸை நோக்க, தாங்கியில் வைத்து விளக்கைப் போட்டால் கறுப்பில் வெள்ளைக் கோடுகள் பளிச்சென விழும். லென்ஸ் முழுவதும் திறந்திருக்கட்டும். துளையைச் சுருக்கினால் குற்றம் மறைந்துகொள்ளும். பரிசோதிக்கும்போது நமக்கு வேண்டியது அதை வெளியே இழுப்பது.

நடுச் சிலுவையில் போகஸ் செய்துவிட்டு மூலைகளை ஒவ்வொன்றாக உருப்பெருக்குக் கண்ணாடியால் பாருங்கள். நான்கும் ஒரே அளவு மங்கினால் அது லென்ஸின் இயல்பான குறை. ஒன்றோ இரண்டோ மட்டும் மங்கினால் கோணல். மங்கிய மூலையில் ஈஸலுக்கு மேலே ஒரு வெள்ளை அட்டையைப் பிடித்து மெல்ல உயர்த்துங்கள். ஒரு உயரத்தில் கோடு கூர்மையடைந்தால் அந்த உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உயர்த்தினால் மேலும் மங்குகிறதென்றால் கூர்மை பலகைக்குக் கீழே இருக்கிறது. எதிர் மூலையில் சோதியுங்கள். பிறகு கீறிய செவ்வகத்தின் எதிரெதிர்ப் பக்கங்களை அளந்து எழுதுங்கள். வடிவமும் கூர்மையும் சேர்ந்து யார் குற்றவாளி என்பதைச் சொல்லிவிடும். ஊசியால் கீறிய செவ்வகமே கோணியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. பிலிமைத் திருப்பிப் போட்டு மறுபடி அளந்து இரண்டையும் ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

திருத்தும் வேலையைத் தொடங்குமுன் மின்இணைப்பைப் பிடுங்கிவிட வேண்டும். இருட்டறையில் கை எப்போதும் ஈரமாகவே இருக்கும் என்பதை மறக்கக் கூடாது. தலைப்பகுதியைத் தளர்த்தும்போது இன்னொருத்தி தாங்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதன் கனம் பார்வைக்குத் தெரியாது.

ரசமட்டத்தைக்கொண்டு தொடங்கலாம். கொத்தனார் வைத்திருக்கும் நீளமான மட்டம் நுட்பமாகக் காட்டும், ஆனால் லென்ஸின் கீழ் நுழையாது. நுழையக்கூடிய சின்ன மட்டம் நுட்பமாகக் காட்டாது. ஆகவே இதை முதல் தோராயத்துக்கு மட்டும் நம்பலாம். அடிப்பலகையில் வைத்துக் குமிழ் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு, நெகட்டிவ் தாங்கி உட்காரும் இடத்தில் அதே திசையில் வைத்து ஒப்பிடுங்கள். மட்டத்தையே முனை மாற்றி வைத்தும் பார்க்க வேண்டும். பொய் சொல்லும் மட்டங்கள் கடைகளில் நிறைய.

அதைவிட நுட்பமான முறை ஒன்று உண்டு, செலவும் இல்லை. துணிக்கடையில் எதிரெதிராக இரு கண்ணாடிகள் மாட்டியிருப்பார்கள். நடுவில் நின்றால் நம் உருவம் ஒன்றன்பின் ஒன்றாக முடிவில்லாமல் போவதைப் பார்த்திருப்பீர்கள். இரு கண்ணாடிகளும் சரியாக இணையாக இருந்தால் அந்த வரிசை நேராகப் போகும். சற்றுக் கோணினாலும் வளைந்து ஒரு பக்கம் ஓடி மறையும். ஒளி ஒவ்வொரு முறை போய்வரும்போதும் கோணலின் இருமடங்கு சேர்ந்துகொண்டே போவதால், கண்ணுக்குத் தெரியாத சாய்வும் நாலைந்தாவது பிம்பத்தில் தெரிந்துவிடும்.

அதையே இங்கே செய்கிறோம். ஈஸலின்மீது ஒரு கண்ணாடியை முகம் மேலே பார்க்க வையுங்கள். கையளவுள்ள இன்னொரு கண்ணாடியின் பின்புறத்தில், சரியாக நடுவில், ரசப்பூச்சை ஐந்து மி.மீ. அகலத்துக்குச் சுரண்டி எடுங்கள். முகப்புறத்தில் அந்தத் துளையைச் சுற்றி ஒரு வெள்ளைக் காகித வளையம் ஒட்டுங்கள். விளக்குக் கூண்டையும் லென்ஸையும் கழற்றிவிட்டு, இந்தக் கண்ணாடியை நெகட்டிவ் தாங்கியின் இடத்தில் முகம் கீழே பார்க்க வைத்து, பக்கத்திலிருந்து டார்ச் ஒளியைக் காட்டி, மேலிருந்து துளை வழியாகப் பாருங்கள். வளையத்துக்குள் வளையமாக, கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பதுபோல், எல்லாம் ஒரே மையத்தில் அமைந்தால் நெகட்டிவும் அடிப்பலகையும் இணை. ஒரு பக்கமாகச் சரிந்து போனால் அந்தத் திசையில் கோணல். தலையைத் தூணோடு பிணைக்கும் திருகுகளைத் தளர்த்தி, வளையங்கள் ஒன்றுகூடும் வரை மெல்லத் திருத்தி, மறுபடி முடுக்குங்கள். முடுக்கும்போதே மீண்டும் நகர்ந்துவிடும். சலிக்காமல் இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியதுதான்.

அது முடிந்தபிறகே லென்ஸ் பலகை. இந்த வரிசையை மாற்றக் கூடாது. நெகட்டிவும் தாளும் இணையாகாதபோது லென்ஸைச் சாய்த்துக் கூர்மையை வரவழைத்துவிடலாம். ஆனால் வடிவம் கோணியபடியே நிற்கும், குற்றம் இரண்டாகிவிடும். அதே துளைக் கண்ணாடியை லென்ஸ் பலகையின் அடிப்புறத்தில் ஒட்டிப் பிடித்து, லென்ஸ் போகும் ஓட்டை வழியாகப் பாருங்கள். திருத்துவதற்குத் திருகு இல்லாத கருவிகளில் பலகைக்கும் அதன் இருப்பிடத்துக்கும் இடையே சாக்லேட் சுற்றிய ஈயத்தாள், பழைய பிலிம் துண்டு, மெல்லிய அட்டை இவற்றில் ஒன்றைச் சொருக வேண்டும். எவ்வளவு தடிமன், எந்த மூலையில் என்பது சோதித்துப் பார்த்தே தெரியும்.

தலையைத் தூணின் உச்சிக்கு ஏற்றி ஒரு முறை, அடிக்கு இறக்கி ஒரு முறை பரிசோதிப்பதையும் விட்டுவிடாதீர்கள். தூண் வளைந்திருந்தால் ஓர் உயரத்தில் சரியாக இருப்பது இன்னோர் உயரத்தில் கோணும். தூணின் உச்சியைச் சுவரோடு கம்பியால் பிணைத்துவிட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும், அதிர்வும் குறையும். தினமும் செய்யும் பிரதி அளவு எதுவோ அந்த உயரத்தில் சரியாக இருந்தால் போதும் என்று விட்டுவிடலாம். எல்லா உயரத்திலும் பிசகாத என்லார்ஜரை நான் பார்த்ததில்லை.

பிரதி போடும்போது துளையை எஃப் 8க்குச் சுருக்குவது நலம். கொஞ்சநஞ்சம் எஞ்சிய கோணலை அது விழுங்கிவிடும். அப்படியானால் எஃப் 16, எஃப் 22 என்று இன்னும் சுருக்கலாமே எனத் தோன்றும். மிகச் சிறிய துளையில் ஒளி விளிம்பில் பட்டுச் சிதறுவதால் படம் முழுவதுமே மென்மையாகிவிடும். ஒரு மூலையைக் காப்பாற்றப் போய் நடுவை இழப்போம்.

கோணலை வேண்டுமென்றே செய்யும் வேலையும் ஒன்று இருக்கிறது. உயரமான தேவாலயக் கோபுரத்தைக் கீழே நின்று காமிராவை அண்ணாந்து பிடித்து எடுத்தால், கோபுரம் மேலே குறுகிப் பின்னால் சாய்வதுபோல் தெரியும். அதைப் பிரதியில் நிமிர்த்திவிடலாம். கோபுரத்தின் உச்சி விழும் பக்கம் ஈஸல் தாழும்படி அடிப்பக்கத்தின் கீழ் ஒரு கட்டையை வைத்தால், உச்சி பெரிதாகி, சாய்ந்த கோடுகள் இணையாகும். நாம் இவ்வளவு நேரம் ஒழிக்கப் பாடுபட்ட அதே சரிவகம்தான்! ஆனால் கூர்மை போய்விடும் அல்லவா? லென்ஸையும் அதே திசையில் சற்றுச் சாய்த்து, நெகட்டிவ், லென்ஸ், தாள் மூன்றின் தளங்களையும் நீட்டினால் ஒரே கோட்டில் சந்திக்கும்படி செய்தால் முழுப் படமும் மறுபடி கூர்மையாகும். பிரான்ஸைச் சேர்ந்த ஜூல் கார்ப்பாந்தியே என்பவர் 1901இல் இத்தகைய என்லார்ஜருக்குக் காப்புரிமை பெற்றார். ஆஸ்திரியப் படையில் காப்டனாக இருந்த தியோடோர் ஷைம்ப்ளூக், பலூனிலிருந்து சாய்வாக எடுத்த படங்களை நில வரைபடமாக நிமிர்த்துவதற்காக இதை விரிவாக ஆராய்ந்து 1904இல் காப்புரிமை பெற்றார். விதி இன்று அவர் பெயரால் வழங்குகிறது.

நம் கணக்கிலுள்ள அளவுகளில், ஈஸலை ஒன்பது பாகை சாய்த்தால் லென்ஸைச் சாய்க்க வேண்டியது ஏறக்குறைய ஒரே ஒரு பாகை. லென்ஸ் பலகை சாயாத கருவியானால் ஈஸலின் நடுவில் போகஸ் செய்து, எஃப் 11 அல்லது எஃப் 16க்குச் சுருக்கிச் சமாளிக்க வேண்டும். தாழ்ந்த பக்கத்துக்கு ஒளி குறைவாகப் போகும். மறுபாதியை அட்டையால் மறைத்துச் சில வினாடிகள் கூடுதலாகக் காட்டுங்கள். கோபுரம் சற்று நெட்டையாகத் தெரியும், அதற்கு வழியில்லை.

வேலை முடிந்ததும் லென்ஸ் பலகையைப் பழைய இடத்துக்குத் திருப்ப வேண்டும். அதிலுள்ள பூஜ்யக் குறியில் 'டிக்' என்று நின்றுவிட்டதே என்று நம்பி விளக்கை அணைத்துவிட்டு வரக் கூடாது. ஊசியால் கீறிய பிலிமை மறுபடி தாங்கியில் வைத்து, நான்கு மூலைகளையும் பார்த்துவிட்டு, அன்றைய தேதியைத் தூணில் ஒட்டிய அட்டையில் எழுதுங்கள். அடுத்து வகுப்புப் படம் போட வருகிறவள் முதலில் பார்ப்பது அந்த அட்டையாக இருக்கட்டும்.